புத்தி பேதலித்தவரின் பொறுப்பும் நம் பொறுப்பும்

தொழாதவனைக் கண்டிக்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பாதவனை ஜமாஅத்தில் நிறுத்திக் கேட்கிறோம். பெற்ற தாயைக் கைநீட்டி அடித்தவன் முகத்தில் விழிக்கவும் ஊரார் விரும்புவதில்லை. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்பது நம் மார்க்கத்தின் அஸ்திவாரம். மறுமையின் கேள்வி கணக்கும் அதன் மீதே நிற்கிறது. ஆனால், இருபது வயதுவரை அடக்கமும் ஐவேளைத் தொழுகையுமாக வளர்ந்த பிள்ளை ஒருவன், உம்மா சோற்றில் விஷம் கலந்துவிட்டாள் என்று தட்டைத் தள்ளுகிறான். ஆளில்லாத அறையில் யாருடனோ வாதாடுகிறான். குளிப்பதில்லை, தொழுவதில்லை, தடுக்க வந்த தாயைப் பிடித்துத் தள்ளியும் விடுகிறான். அவனிடம் யார் எந்தக் கணக்கைக் கேட்பது? அவன் செய்வதை அவன்தான் செய்கிறானா, அவன் மூளையில் ஏற்பட்ட கோளாறு செய்கிறதா? கோளாறுதான் என்றால் அதைக் கண்டறியவும் போக்கவும் நம்மீது உள்ள கடமை எத்தகையது? நம் இல்லங்கள் பலவற்றில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசப்படும் இக்கேள்விகளைச் சற்று வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

மேலே சொன்ன பிணிக்கு மருத்துவர்கள் ஷிஸோஃப்ரினியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மனச்சிதைவு நோய் என்பர். சினிமாவில் காட்டுவதுபோல ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறும் வித்தையன்று இது. இல்லாத குரல்கள் காதில் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை ஒரு பக்கம். ஆசை, முயற்சி, சிரிப்பு, சினேகம் யாவும் மெல்ல வற்றிப்போய் மரம்போல் உட்கார்ந்திருப்பது மறுபக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயுடன் வாழ்கிறார். உலகம் முழுவதும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டும். ஆண்களுக்குப் பெண்களைவிடச் சற்று முன்பாகவே வரும். படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வயது, நிக்காஹ் பேசும் வயது. ஆகையால்தான் குடும்பங்கள் இதை மறைக்கின்றன. மறைத்த மாதங்களிலெல்லாம் நோய் வேர் பிடிக்கிறது.

ஷரீஅத் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள்: விழிக்கும்வரை உறங்குபவர், பருவமடையும்வரை சிறுவர், புத்தி தெளியும்வரை பைத்தியமானவர். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மூவருக்கும் ஓர் எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. விழிக்கும்வரை, வளரும்வரை, தெளியும்வரை. புத்தி பேதலித்தவரை உறங்குபவரோடும் குழந்தையோடும் ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பதே நமக்கு ஒரு பாடம். உறங்குபவனைப் பார்த்து யாரும் அருவருப்பதில்லை. குழந்தையைப் பார்த்து யாரும் கல்லெறிவதுமில்லை.

நம் ஃபுகஹாக்கள் இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இடைவிடாத பைத்தியம், விட்டுவிட்டு வரும் பைத்தியம் என்று பிரித்தார்கள். தெளிவு வரும் நேரத்தில் அவர் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்குச் சட்ட மதிப்பு உண்டென்றார்கள். தெளிவற்ற நிலையில் சொன்ன தலாக் தலாக் ஆகாது என்றார்கள். எழுதுகோல் உயர்த்தப்பட்டதால் மனிதரே பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதில்லை என்பதையும் மறக்கவில்லை. அவருக்கு வாரிசுப் பங்கு உண்டு. அவர் பிறருடைய பொருளை உடைத்துவிட்டால் குற்றமில்லை, ஆனால் நஷ்டம் அவர் சொத்திலிருந்து ஈடுசெய்யப்பட வேண்டும். அவருடைய செல்வத்திலிருந்து வலீ ஜகாத்தும் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபீ மத்ஹபில் அது கடமையில்லை. விடுபட்ட தொழுகை நோன்புகளைக் களாச் செய்வது பற்றியும் மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உள்ளன. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாம் சொல்ல வந்தது வேறு. புத்தி பேதலித்தவர் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவரேயன்றி உரிமையிலிருந்து விலக்கப்பட்டவரல்லர்.

அவரை விட்டு உயர்ந்த எழுதுகோல் நம்மை விட்டு உயரவில்லை. அவர் செய்ய முடியாமற் போனவற்றின் சுமை அவரைப் பராமரிக்கும் கைகளுக்கு வந்து சேருகிறது. அறிவு முதிராதவரிடம் பொருளை ஒப்படைத்துவிடாமல், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்ல பேச்சே பேசும்படி திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. சோறும் துணியும் போதுமென்று விட்டுவிடாமல் பேச்சையும் சேர்த்துச் சொன்னது ஏன்? இதற்குப் பின்னர் வருவோம்.

நடைமுறையில் நாம் செய்வது என்ன? பிள்ளைக்கு ஜின் பிடித்துவிட்டது என்கிறோம். ஓதிப் பார்க்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம், ஊர் ஊராக அலைகிறோம். ஜின்களின் இருப்பு திருக்குர்ஆன் சொல்லும் உண்மை. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜின் உண்டு என்பது வேறு, இன்ன தெருவில் இன்னார் மகனுக்கு வந்திருப்பது ஜின்தான் என்பது வேறு. முன்னது ஈமான். பின்னது ஒரு வழக்கு. வழக்கு என்றால் ஆதாரம் வேண்டும். காய்ச்சல் கண்டவனுக்கு ரத்தம் சோதிக்கிறோம். குரல் கேட்பவனுக்கு மட்டும் சோதனையின்றித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். துஆவும் ஓதலும் மூமினின் உரிமை. அதை எந்த மருத்துவரும் தடுக்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு ஓதச் சொல்பவரைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறக்கலாகாது. தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட ஒரு மனநோயாளர் விடுதியில் விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும்தாம். குணமாகட்டும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களும் உண்டு. தொலையட்டும் என்று விட்டுப் போனவர்களும் உண்டு. நாட்டின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று வெளிப்படையாகவே விதித்துவிட்டது. ஏர்வாடியில் தர்காவுக்கு வருவோர்க்கு அரசு மருத்துவர்கள் மாத்திரை கொடுக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. தவாவும் துஆவும் என்று அதற்குப் பெயர். குஜராத்தில் மீரா தாதார் தர்காவிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அழைத்து வருகிறார்கள். நல்ல காரியம்.

நோய் எதையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்பதும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிகளாரின் போதனைகள். அப்போதனையை நம் முன்னோர் கேட்டு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டியதும் புத்தி பேதலித்தவர்களுக்கு இடம் தந்தன. பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்பல்கீ உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். துருக்கியின் எதிர்னேயில் 1488இல் எழும்பிய மருத்துவமனையில் இசையும் மலர்மணமும் கொண்டு நோயாளிகளைச் சாந்தப்படுத்தினார்கள் என்று பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். பெருமைக்காக மட்டும் இதைச் சொல்வது நேர்மையாகாது. சில நோயாளிகள் அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் அதே பயணி எழுதுகிறார். அன்று அவர்களிடம் வேறு மருந்து இல்லை. இன்று அந்தச் சாக்கு நமக்கில்லை.

மருந்து எப்படிக் கிடைத்தது என்ற வரலாற்றில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்குப் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. சர்ப்பகந்தா என்ற அச்செடியின் வேரை வட இந்தியக் கிராமங்களில் பைத்தியத்துக்கு மருந்தாகவே கொடுத்து வந்தனர். டில்லியில் யூனானி வைத்தியம் வளர்த்த ஹகீம் அஜ்மல் கான் அவர்கள், நாட்டு மூலிகைகளை நவீன இரசாயன முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பி, ஜெர்மனியில் படித்துத் திரும்பிய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ என்ற இளைஞரைத் தம் திப்பியா கல்லூரிக்கு அழைத்தார். 1927இன் இறுதியில் ஹகீம் ஸாஹிப் காலமாகிவிட்டார். 1931இல் ஸித்தீகீ சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து அதற்கு அஜ்மலைன் என்று தம் ஆதரவாளரின் பெயரையே சூட்டினார். இன்றும் இருதய வைத்தியர்கள் அப்பெயரை உச்சரிக்கிறார்கள். அதே 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் பைத்தியத்தையும் தணிப்பதாக எழுதினார்கள். உலகம் அப்போது கேட்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1952இல், ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் சீபா கம்பெனியின் விஞ்ஞானிகள் அதே வேரிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். 1954இல் அமெரிக்க மருத்துவர் நேதன் க்ளைன் மனநோயாளிகளுக்கு அது பயன்படுவதை அறிவித்தார். அடுத்து வந்ததுதான் வியப்பு. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்வித் கார்ல்ஸன் முயல்களுக்கு ரெஸர்பினைக் கொடுத்தார். அவை உயிருள்ள பொம்மைகளாக அசைவற்று உட்கார்ந்துவிட்டன. பிறகு டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடத் தொடங்கின. 1957இல் இது வெளியாயிற்று. அதுவரை முக்கியமில்லாதது என்று ஒதுக்கப்பட்டிருந்த டோபமைன், மூளையில் செய்தி கொண்டுசெல்லும் இரசாயனங்களில் ஒன்று என்று இவ்வழியில் புலப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கார்ல்ஸனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் கிராமத்து வைத்தியர் வேரை இடித்துக் கொடுத்த கையிலிருந்து ஸ்டாக்ஹோம் மேடைவரை இக்கயிறு நீண்டிருக்கிறது. நடுவில் நாம் கைவிட்ட இடம் எது என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

இதற்கிடையே 1952இல் பாரிஸ் நகரின் ஸேன்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இருவர் குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகிப் பேசத் தொடங்கினார்கள். அம்மருந்து டோபமைனின் வேலையைத் தடுக்கிறது என்பதற்கான தடயத்தை 1963இல் கார்ல்ஸனும் அவருடைய துணைவரும் கண்டார்கள். 1970களின் நடுவில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் இன்னும் தெளிவாக்கின: எந்த மருந்து டோபமைன் ஏற்பியை இறுகப் பற்றுகிறதோ அது குறைந்த அளவிலேயே வேலை செய்கிறது. மறுபக்கச் சான்றும் உண்டு. டோபமைனைப் பெருக்கும் ஆம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளை அளவுமீறி உண்டவர்களுக்கு இதே சந்தேகமும் இதே குரல்களும் வருகின்றன. டோபமைன் குறைந்தாலோ கைகால் விறைத்து நடுங்கும் பார்க்கின்ஸன் நோய். ஆதலால்தான் மாத்திரை அதிகமானால் நம் பிள்ளைக்குக் கை நடுங்குகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது. அது மருந்தின் அளவைத் திருத்தச் சொல்லும் அடையாளம். மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்லும் அடையாளம் அன்று. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

எல்லாம் டோபமைன் என்று முடித்துவிட்டால் கதை எளிதாகியிருக்கும். முடியவில்லை. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. குரல்கள் அடங்கியவர்களிலும் பலருக்கு ஊக்கமின்மையும் மறதியும் நீங்குவதில்லை. குளோஸபைன் என்ற மருந்து, 1975இல் ஃபின்லாந்தில் சிலர் இரத்த வெள்ளணு குறைந்து இறந்ததால் ஒதுக்கப்பட்டது. பின்னர் வேறெதற்கும் இணங்காத நோயாளிகளிடம் அமெரிக்காவில் அது சோதிக்கப்பட்டு, 1988இல் முடிவு வெளியாயிற்று. ஆறு வாரத்தில் குளோஸபைன் உண்டவர்களில் 100க்கு 30 பேர் தேறினர். பழைய மருந்து உண்டவர்களில் 4 பேரே தேறினர். இரத்தப் பரிசோதனை என்ற காவலோடு அம்மருந்து மீண்டு வந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புதிய மருந்து டோபமைன் ஏற்பியைத் தொடுவதே இல்லை. அஸிட்டைல்கோலின் என்ற வேறொரு இரசாயனத்தின் வழியாக வேலை செய்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த முதல் புதிய வாசல் அது. குளூட்டமேட் என்ற மற்றொன்றையும் சந்தேகிக்கிறார்கள். பரம்பரையில் நூற்றுக்கணக்கான இடங்களில் சிறுசிறு மாறுதல்கள் காணப்படுகின்றன. ஆனால் அக்கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம் மக்களின் இரத்தம் அங்கே குறைவு. ஆகவே மூளை இரசாயன ஆராய்ச்சி இன்னும் வேண்டும், நம் நாட்டிலும் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இங்கே இரு பெரிய ஆட்சேபங்கள் எழுகின்றன. முதலாவது ஈமான் சம்பந்தமானது. ஒரு மாத்திரையில் மனிதனின் நினைப்பு மாறுமானால், நினைப்பு என்பதே இரசாயனம்தானே, ரூஹ் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு அஞ்சியே சில பெரியவர்கள் இந்த ஆராய்ச்சியை வெறுக்கிறார்கள். இருவருமே அவசரப்படுவதாக நமக்குத் தோன்றுகிறது. தொண்டை வீங்கிய ஹாஃபிழ் ஓத முடியாமல் திணறுகிறார். கஷாயம் குடித்ததும் ஓதுகிறார். ஆகவே அவர் நெஞ்சிலிருந்த குர்ஆன் கஷாயத்தில்தான் இருந்தது என்று யாராவது சொல்வார்களா? மூளை பழுதுபடும்போது மனிதனின் தெளிவு பழுதுபடுகிறது என்பதை ஷரீஅத் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. இல்லாவிட்டால் எழுதுகோலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. தெளிவு உடலைச் சார்ந்தது என்று ஒப்புக்கொள்வதால் ரூஹை மறுத்ததாகாது. அதன் அறிவு நமக்குச் சொற்பமே கொடுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மாத்திரை குரலை நிறுத்துகிறது. ஆளைத் தொழ வைப்பதுமில்லை, தொழுகையைக் கெடுப்பதுமில்லை. தெளிந்தவர்களில் தொழுபவரும் உண்டு, சோம்பி இருப்பவரும் உண்டு, நம்மைப் போலவே. மருந்து அவருக்கு மீட்டுத் தருவது நல்லதையும் கெட்டதையும் தெரிந்து எடுக்கும் நிலையை. அந்நிலை வந்ததும் எழுதுகோலும் திரும்ப வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால், மருந்து மனிதனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை; பொறுப்பிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

இப்பேச்சு வரும்போது, நபித்துவத்தையே நோயாகப் பேசும் சில மேனாட்டு எழுத்துக்களை நம் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துக் காட்டுவதுண்டு. புதிய பேச்சன்று அது. மக்கத்துக் குறைஷியர் சொன்னதும், திருக்குர்ஆன் மறுத்ததும் அதைத்தான். நோயைப் பற்றி மேலே எழுதியதை வைத்தே பதில் சொல்லலாம். இந்நோய் மனிதனின் கோவையைக் குலைக்கிறது. வேலை, உறவு, நம்பகம் யாவும் சிதறுகின்றன. நாற்பது வயதுவரை அமானிதத்துக்குப் பெயர் பெற்று, அதன்பின் இருபத்துமூன்று ஆண்டுகள் குடும்பம், நீதி, உடன்படிக்கை, அரசு என்று அனைத்தையும் ஒழுங்குபடுத்திய ஒரு வாழ்வை இந்நோயின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு முன், விட்டு வந்த பேச்சுக்குத் திரும்புவோம். 1950களிலிருந்து லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்ற ஆய்வாளரும் அவர் துணைவரும் ஒரு விஷயத்தைத் தேடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வீடு திரும்பியவர்களில் சிலர் மட்டும் மீண்டும் மீண்டும் நோய்ப்படுவது ஏன்? 1972இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் கண்டது: எந்த வீட்டில் ஓயாத குற்றங்கூறலும் கடுகடுப்பும், மூச்சுவிட முடியாத அளவு தலையீடும் இருந்தனவோ அந்த வீட்டில் நோய் திரும்புவது மிக அதிகம். குடும்பத்தார்தாம் நோயை உண்டாக்கினர் என்பது இதன் பொருளன்று. அப்படிச் சொல்லித் தாய்மாரைக் குத்திய ஒரு கொள்கை மேனாட்டில் உலாவி மறைந்தது, அது பொய். ஆனால் ஆறிவரும் புண்ணில் சொல் படும் என்பது உண்மை. நல்ல பேச்சே பேசுங்கள் என்ற கட்டளையை, சோற்றோடும் துணியோடும் சேர்த்துச் சொன்னதன் பயன் இங்கே விளங்குகிறது. “திங்கத் தெரியுது, வேலை செய்யத் தெரியலியா?” என்று அத்தா காலையில் கேட்கும் ஒரு கேள்வி, மாலையில் விழுங்கும் மாத்திரையோடு மல்லுக்கட்டுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் ஒன்பது நகரங்களில் தொடங்கிய ஆய்வில் நம் ஆக்ராவும் ஒன்று. லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் நோயாளிகளைவிட ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் பலர் நன்றாகத் தேறியதாக அதில் தெரியவந்தது. கூட்டுக் குடும்பமும், வயலிலோ கடையிலோ சிறு வேலை கொடுத்து ஆளை வைத்துக்கொள்ளும் பழக்கமும் காரணமாயிருக்கலாம் என்றனர். பின்வந்த ஆய்வாளர்கள் இம்முடிவைக் கேள்விக்குள்ளாக்கியும் இருக்கிறார்கள். நமக்குப் பெருமை பேசும் உரிமை இல்லை. ஏர்வாடியும் நம் குடும்பங்களின் கதைதான்.

ரமளான் பற்றி ஒரு சொல். மாத்திரை உண்பவர் நோன்பு வைக்க ஆசைப்பட்டால் மருத்துவரைக் கலந்து வேளையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். முடியாதென்றால் நோயாளிக்குள்ள சலுகை அவருக்கும் உண்டு. நோன்புக்காக மருந்தையே ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் பெருநாளைக்குள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது தக்வாவில் சேராது.

இனி இரண்டாவது ஆட்சேபம். இது கனமானது. சுயபுத்தி இல்லாத ஒருவர் மீது ஆராய்ச்சி செய்ய யாருக்கு உரிமை? மேனாட்டு வைத்தியத்தின் ஏடுகளில் இதற்கு அஞ்சவைக்கும் பக்கங்கள் உண்டு. 1935இல் போர்ச்சுகல் நாட்டு மோனிஸ், மண்டையைத் துளைத்து மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுக்கும் முறையைத் தொடங்கினார். 1949இல் அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர் அறுக்கப்பட்டு உயிருள்ள நிழல்களாயினர். இன்சுலின் செலுத்தி மயக்கத்தில் ஆழ்த்தும் சிகிச்சையும் பல ஆண்டுகள் நடந்து, பயனற்றதென்று கைவிடப்பட்டது. அந்த நோயாளிகளில் எத்தனை பேரிடம் சம்மதம் கேட்டிருப்பார்கள்? எனவே ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தாய் தன் மகனை இழுத்து அணைத்துக்கொள்வது அறியாமையன்று.

ஆனால் எல்லாத் தாய்மாரும் அப்படி இழுத்துக்கொண்டிருந்தால் குளோஸபைன் மீண்டு வந்திராது. இன்று உங்கள் மகன் விழுங்கும் மாத்திரை, பெயர் தெரியாத எவரோ தம் உடலில் சோதிக்க இசைந்ததால் வந்தது. பிறர் தந்ததை எடுத்துக்கொண்டு நாம் எதுவும் தருவதில்லை என்பது நியாயமாகாது. நபிகளாரிடம் வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி வந்த சம்பவம் ஹதீஸ் நூல்களில் உள்ளது. பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணமாக துஆ என்று இரு வழிகளை அவர்முன் வைத்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது தம் உடல் திறந்துவிடாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். சிகிச்சையின் சிறப்பா பொறுமையின் சிறப்பா என்று உலமாக்கள் இதை விவாதித்திருக்கிறார்கள். நம் கண்ணில் படுவது, நோயுற்ற அப்பெண்ணிடமே கேட்கப்பட்டது என்பது. அவருடைய வாப்பாவிடமோ காக்காவிடமோ கேட்கப்படவில்லை.

2017ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மனநோயாளியை ஆராய்ச்சியில் சேர்க்க, விவரமறிந்து அவரே மனமுவந்து தரும் சம்மதம் வேண்டும். அவர் சம்மதம் சொல்ல இயலாத நிலையில் இருந்து, எதிர்ப்புக் காட்டாமலும் இருந்தால், மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும். அவர் நியமித்த பிரதிநிதியின் ஒப்புதல் வேண்டும். தெளிவுள்ளவர்களைக் கொண்டு அந்த ஆராய்ச்சியை நடத்த முடியாது என்பதும், அது இந்நோயாளிகளின் நலனுக்கே தேவைப்படுகிறது என்பதும் காட்டப்பட வேண்டும். நம் வீட்டாரிடம் யாராவது தாளை நீட்டினால் கேட்க வேண்டியவை இவை: என்ன மருந்து, என்ன ஆபத்து, பழைய மருந்தை நிறுத்தச் சொல்கிறீர்களா, நடுவில் விலகிக்கொள்ளலாமா, விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா, தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யார்? பதில் மழுப்பலாக வந்தால் கையெழுத்து வேண்டாம். தெளிவாக வந்தால், ஆராய்ச்சி என்ற பெயருக்காகவே ஓடவும் வேண்டாம். மரணத்துக்குப் பின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது மய்யித்தின் கண்ணியம் சம்பந்தப்பட்டது. உலமாக்கள் கூடித் தீர்மானிக்க வேண்டியது. உயிரோடிருப்பவரின் மூளையில் டோபமைன் எவ்வளவு சுரக்கிறதென்று ஸ்கேன் மூலம் அளக்கும் வழி வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் மய்யித்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்நோயுடையவர்களில் பெரும்பாலோர் எந்நேரமும் சுவாதீனமற்று இருப்பதில்லை. மருந்து ஒத்துக்கொண்ட மாதங்களில் கணக்குப் பார்ப்பவரும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவரும் உண்டு. ஃபுகஹாக்கள் சொன்ன தெளிவு நேரம் அதுதான். தனக்கு எப்படிச் சிகிச்சை செய்யலாம், எப்படிச் செய்யக் கூடாது, தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. வஸிய்யத் எழுதிப் பழகிய நம் சமுதாயத்துக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில், அஸருக்குப் பின் தேநீர் வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவரிடமே கேட்டு எழுதலாம். எந்த மாத்திரை ஒத்துக்கொள்கிறது, எந்த ஊசிக்குப் பயம், குரல் திரும்பக் கேட்டால் முதலில் யாரிடம் சொல்வாய், ஆராய்ச்சிக்கென்று யாராவது கேட்டால் உனக்குச் சம்மதமா என்று. அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கி, அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு நகலைக் கொடுத்து வைக்கலாம். சட்டப்படி அதைப் பதிவு செய்யும் முறையையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.